குடியிருப்பேன் என்று ஒரு கையெழுத்து

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றுதான் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பதினெட்டு வயதில் வீட்டை வாங்கிப் பார்க்கிறேன் என்று மகள் வந்து நின்றால் பெற்றவள் என்ன செய்வாள் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. பெர்னி குபியாக் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகளும் போட்ட சண்டை தெரிந்ததுதான். ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற மேடிசன் பல்கலைக்கழகம் டெல்லாவுக்கு இடம் கொடுத்திருக்கிறது. உதவித்தொகையும் கொடுத்திருக்கிறது. அவளோ, மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று இருக்கும் பழைய இரட்டை வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, வீடு வாங்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்கப் போகிறவளுக்குக் காலேஜ் எதற்கு என்று கேட்கிறாள். அத்தை சாகும்போது அவள் பேருக்கு எழுதிவைத்த தொகை முன்பணத்துக்கு இருக்கிறது. ஆனால் கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடையில் சனி, ஞாயிறு வேலை பார்க்கிற பெண்ணை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. அம்மாவும் கூடக் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

“செத்தாலும் போட மாட்டேன்” என்று பெர்னி சொன்னதோடு அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. மே முதல் தேதி. எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்லக் கடைசி நாள். பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்குத் தாங்கள் போகப்போகும் கல்லூரியின் பனியனைப் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். டெல்லா எதைப் போட்டுக்கொண்டு வரப்போகிறாளோ என்ற யோசனையில் பெர்னி அடுப்பில் முட்டையைக் கருகவிட்டுக்கொண்டிருந்தாள்.

அறைக்கதவு திறந்தது. சிவப்புப் பனியன். மார்பில் மேடிசனின் பெரிய வெள்ளை எழுத்து.

“கண்ணு!”

“உடனே அழ ஆரம்பிச்சுடாதே. இது பேரம்” என்றாள் டெல்லா. “நான் மேடிசன் போறேன். நீ இன்னிக்கு வீட்டுக் கடன் மனுவுல என்கூடக் கையெழுத்துப் போடறே. ரெண்டும் நடக்கட்டும்.”

“ரெண்டுமா? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எப்படிடி?”

“நான் இருக்கலாம்னு நினைச்ச மாடி வீட்டையும் வாடகைக்கு விட்டுடலாம்மா. உனக்கு வேண்டியது பட்டம், எனக்கு வேண்டியது வீடு. யாருக்கும் நஷ்டமில்ல.”

மேசையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த பெர்னியின் கணவன் வால்ட் தலையைத் தூக்கினான். “இவ்வளவு நல்லாப் பேரம் பேசத் தெரிஞ்சவளுக்கு இன்னும் என்னத்தைச் சொல்லித்தரப் போறான் அந்தக் காலேஜ்காரன்?”

“நீ சும்மா இரு, வால்ட். நல்லதா ஒண்ணு நடக்கறது பொறுக்காதே உனக்கு!” என்றாள் பெர்னி. ஆனால் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஐந்து நாள் கழித்து அந்தத் தலையின் ஷாம்பு வாசனை கிடைத்ததில் பெர்னிக்குக் கண் நிறைந்துவிட்டது.

வால்ட்டின் செல்பேசி அடித்தது. முப்பத்தோராம் எண் வீட்டில் குளியலறை அடைத்துக்கொண்டதாம். நூற்றிருபது வீடுகள் இருக்கிற அடுக்ககத்துக்கு அவன்தான் பராமரிப்பு ஆள். ராத்திரி பகல் பாராமல் கூப்பிட்ட குரலுக்கு ஓடவேண்டிய வேலை. அதற்காகவே தரைத்தளத்தில் இந்த வீட்டை வாடகையில்லாமல் கொடுத்திருந்தார்கள்.

“மூணு மணிக்கு நான் வாங்கப் போற வீட்டுக்கு வந்துடுப்பா” என்றாள் டெல்லா. “ஆனா ஒண்ணு. அங்க யாரு எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பேனாவைத் தொட்டுடாதே. நம்ம குடும்ப சரித்திரம் ஞாபகம் இருக்கில்ல?”

வால்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டாமென்று பெர்னி கருகின வாணலியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அந்தக் குடும்ப சரித்திரம் இதுதான். டெல்லா பிறப்பதற்கு முன்னால் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அதை ஈடு வைத்து, அதே தெருவில் வாடகைக்கு விடுவதற்காக இரண்டாவதாக ஒன்று வாங்கினார்கள். டெல்லாவுக்கு இரண்டு வயதாகும்போது இரண்டையும் வங்கி எடுத்துக்கொண்டது. ஏன்? பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தின வால்ட், வங்கிக்காரன் நீட்டின பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். டெல்லா வீட்டுப்பாடம் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்த ஏழாவது வயதிலிருந்து பெர்னி அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ‘படிக்கலேன்னா உங்கப்பா மாதிரிதான்.’ வால்ட் ஒருநாளும் மறுத்ததில்லை. ரொட்டியை மென்றுகொண்டு இருந்துவிடுவான்.

மூன்று மணிக்கு அவர்கள் அந்த இரட்டை வீட்டின் முன்னால் சேர்ந்தபோது, தரகர் மார்லா கோப்போடு படிக்கட்டில் காத்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது, உரத்த குரல், யாரையும் இரண்டு நிமிஷத்தில் சொந்தக்காரராக்கிவிடுகிற வாய்.

“பாருங்க பெர்னி, நீங்க கேட்டீங்கன்னு முப்பத்தெட்டுப் பக்கம் அச்சடிச்சுக் கொண்டு வந்திருக்கேன். இந்தக் காலத்துல எல்லாரும் செல்போன்ல விரலால கிறுக்கிட்டுப் போறாங்க. உங்களுக்கு மட்டும் காகிதம்.”

“திரையில படிச்சா எனக்கு மண்டையில ஏறாது” என்றாள் பெர்னி. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நாள் முழுக்கப் படிவங்களில் பிழை பிடிக்கிற வேலை அவளுக்கு.

“அஞ்சு மணிக்குள்ள மனு வங்கிக்குப் போயாகணும். இல்லேன்னா வீட்டுக்காரம்மா அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. அந்தம்மா கெடு சொன்னா சொன்னதுதான்.”

டெல்லா அதற்குள் உள்ளே போய்ச் சுவர் சுவராகத் தட்ட ஆரம்பித்திருந்தாள். “அம்மா, இது பழைய பூச்சு. இது புதுசு. சத்தமே வேற பாரு. எந்தக் காலேஜ்லயாவது இதைச் சொல்லித் தர்றாங்களா?”

“உன் காதுக்குள்ள ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கானே, அவன் சொல்லித் தந்தானாக்கும்?”

டெல்லா தினமும் பள்ளிப் பேருந்தில் கேட்கிற பாட்காஸ்ட்காரனைப் பற்றித்தான் பேச்சு. காலேஜ் வாசலை மிதிக்காமலே இருபத்தேழு வீடு வாங்கினவனாம். பெர்னி அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள்.

“அவன் இல்ல. அப்பா சொல்லித் தந்தது” என்றாள் டெல்லா.

மார்லா சிரித்தாள். “நானும் காலேஜ் பக்கம் போனதில்லம்மா. உரிமம் எடுக்க ரெண்டு மாச வகுப்புத்தான். வண்டி வாசல்ல நிக்குது பாரு, என்ன குறைஞ்சுபோச்சு எனக்கு? ஆனா உண்மையைச் சொல்லிடறேன். ஒப்பந்தம்னு ஒண்ணு வந்தா என் வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடுவேன். அவர் வக்கீல். அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன்னு ஊர்ல சொல்றாங்க.”

“அப்போ படிச்சவனைக் கட்டிக்கிட்டாப் போதும், படிக்க வேண்டாம்!” என்றாள் டெல்லா.

“வாயைப் பாரு” என்றாள் பெர்னி. வால்ட் தரைக்குக் கீழே இருக்கிற அடித்தளத்துக்கு இறங்கி, வீட்டைச் சூடாக்குகிற உலையைப் பார்க்கப் போனான். மார்லா செல்பேசியோடு காருக்குப் போனாள்.

பெர்னி மாடி வீட்டுச் சமையலறைக்கு ஏறினாள். காலியான அறை. நாற்காலி இல்லை. ஜன்னல் விளிம்பில் காகிதங்களை வைத்துக்கொண்டு நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கீழ் வீட்டில் மகள் தட்டுகிற சத்தம் ஒவ்வொரு சுவராக நகர்ந்துகொண்டிருந்தது. நல்ல வீடுதான். வெயில் இரண்டு பக்கமும் வருகிறது. இந்தப் பெண்ணுக்குக் கண் இருக்கிறது என்று பெர்னி பெருமையோடு நினைத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

‘இதைச் சொந்தக் குடியிருப்புக்காகவே வாங்குகிறேன். அறுபது நாட்களுக்குள் குடியேறி, குறைந்தது ஓராண்டு இந்த வீட்டில் குடியிருப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.’

அதன் பக்கத்தில் ஏற்கெனவே சின்னதாகப் பென்சிலில் ஒரு அடையாளம். டெல்லாவின் கை.

“டெல்லா! மேலே வா.”

இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். “என்னம்மா, மூணரை ஆச்சு, முடிச்சுட்டியா?”

“இது என்ன?”

டெல்லா எட்டிப் பார்த்தாள். “ஓ, அதுவா. குடியிருக்கிறவங்களுக்கு வட்டி குறைச்சல், முன்பணமும் குறைச்சல். வாடகைக்கு விடறதுக்குன்னா அத்தை பணம் பத்தாது.”

“நீ மேடிசன்ல இருக்கப் போறே.”

“சனி, ஞாயிறு வருவேன்ல?”

“குடியிருப்பேன்னு எழுதியிருக்கு. எட்டிப் பார்ப்பேன்னு எழுதலையே.”

“அம்மா, எல்லாரும் போடறதுதாம்மா இது. வங்கிக்காரன் வந்து கட்டிலுக்கு அடியில குனிஞ்சா பார்க்கப் போறான்? மாசாமாசம் தவணை போனா ஒருத்தனும் கேக்க மாட்டான்.” அவள் அம்மாவின் தோளில் கை போட்டாள். “பயப்படாதே. நாம என்ன, அப்பா மாதிரி படிக்காமலா போடறோம்? படிச்சுட்டுத்தானே போடறோம்.”

பதினொரு வருஷமாக அவள் சொல்லி வளர்த்த வார்த்தை. அது இப்படி அழகாகச் சிரித்துக்கொண்டு தோளில் கை போட்டு நிற்கும் என்று அவள் நினைத்ததேயில்லை. பொய்யைச் சொல்லுவது சுலபம். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது எத்தனை கஷ்டம் என்று சொன்னவளுக்குத்தான் தெரியும்.

“டெல்லா, உங்கப்பா படிக்காம கையெழுத்துப் போடல.”

“என்னது?”

“அந்தப் பத்திரத்தை நான் படிச்சேன். ஒரு பக்கம் விடாம. நீ அப்போ வயித்துல ஏழு மாசம். இதே வரி அதுலயும் இருந்துது. அந்த ரெண்டாவது வீட்டுல நாங்க குடியிருக்கப் போறதேயில்ல. ரெண்டு வருஷத்துல வட்டி ஏறும்னும் போட்டிருந்துது. அதையும் படிச்சேன்.” பெர்னி அந்தப் பக்கத்தை மூடினாள். “உங்கப்பா பேனாவைக் கையில வச்சுக்கிட்டு, ‘சரியா இருக்கா பெர்னி?’ன்னு கேட்டாரு. வாடகைக்கு ஆள் கிடைச்சுடும், விலை ஏறிடும், எல்லாரும் போடறதுதான், போடுன்னேன்.”

டெல்லா தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“காலேஜ் படிச்சவ நான்தான்” என்றாள் பெர்னி.

தெருவில் யாரோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்போ எதுக்கு?” என்றாள் டெல்லா. “எதுக்கும்மா என்னைப் படி படின்னு உயிரை வாங்கினே? உன் படிப்பு அந்த வீட்டைக் காப்பாத்தலையே!”

“காப்பாத்தலதான். படிக்கத் தெரிஞ்சுது. படிச்சதுக்குப் பயப்படத் தெரியல.” பெர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா எல்லாம் போனப்புறம் கையில மிஞ்சினது அந்தப் பட்டம் ஒண்ணுதான்டி. அதைக் காட்டித்தான் எனக்கு இந்த வேலை கிடைச்சுது. வீட்டை எடுத்துக்கிட்டவன் அதை எடுத்துக்க முடியல. உனக்கும் அப்படி ஒண்ணு இருக்கட்டுமேன்னு ஆசை. அதை நேராச் சொல்லியிருக்கலாம். அப்பாவைக் காட்டிப் பயமுறுத்தினது என் தப்பு.”

டெல்லா திரும்பிப் படியிறங்கினாள். ஒவ்வொரு படியாக. கீழ் வீட்டையும் தாண்டி அடித்தளத்துக்கு இறங்குகிற சத்தம் கேட்டது. பெர்னியும் பின்னால் போனாள். ஆனால் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

வால்ட் உலைக்கு முன்னால் டார்ச்சோடு மண்டியிட்டிருந்தான். “இது இன்னும் ஆறு வருஷம் ஓடும் டெல்லா. மேல வர்ற குழாயை மட்டும் மாத்தினா…”

“அப்பா, ஏன் சொல்லல?”

“என்னத்தை?”

“நீ அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டியாமே.”

வால்ட் டார்ச்சை அணைத்தான். அவசரப்படாமல் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். “சொல்லிட்டாளா?”

“நான் இன்னிக்குக் காலையிலகூட உன்னைக் கிண்டல் பண்ணினேன்ப்பா. மார்லா முன்னாடி, ஸ்கூல்ல, கஸ்டர்ட் கடையில… எத்தனை பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன் தெரியுமா?”

“சிரிச்சா என்ன? எனக்கு எங்கயும் வலிக்கல.”

“ஏன் சொல்லல?”

வால்ட் தலையைச் சொறிந்தான். “கையெழுத்து என்னுதுதானே? அவ வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் போட்டிருப்பேன். அந்த வீட்டு மேல எனக்கு அவ்வளவு ஆசை.” மகளின் முகத்தைப் பார்த்தான். “அதோட, ஒரு வீட்டுல அப்பனும் முட்டாள், அம்மாவும் முட்டாள்னா குழந்தை யாரை நம்பி வளரும்? ஒருத்தராவது புத்திசாலியா இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்கு அவதானே பொருத்தம்?”

டெல்லா அவன் அழுக்குச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். வால்ட் எண்ணெய்க் கை அவள் சிவப்புப் பனியனில் படாமல் கைகளை அகலமாக விரித்துக்கொண்டு நின்றான். பெர்னிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. இந்த மனிதனைத் தவிரத் தனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று அந்தப் படியில் நின்று நினைத்தாள்.

டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பேச்சை முடித்துவிடுகிறவள் போலச் சொன்னாள்: “நான் மேடிசன் போகல. இங்கயே குடியிருக்கேன். அப்போ அந்த வரி பொய் இல்ல. அத்தை பணம் கையில இருந்தும் வீடு இல்லாம நிக்க முடியாது. இந்த வீட்டை நான் விட மாட்டேன்மா.”

“இல்லேன்னா வீட்டை விட்டுடு, படிப்பை எடுத்துக்கோ” என்றான் வால்ட்.

“நாலு வருஷம் கழிச்சு இந்த விலைக்கு இந்தத் தெருவுல கார் ஷெட்டுகூடக் கிடைக்காதுப்பா. நீயே சொன்னே.”

பெர்னி கையிலிருந்த கோப்பைப் பிரித்தாள். இருபத்திரண்டாம் பக்கம். அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மேலே நிற்கும்போது கோபத்தில் அதைப் பார்க்காமல் விட்டிருந்தாள். இப்போது வாய்விட்டுப் படித்தாள்.

“‘கடன் வாங்குவோர் இருவர் எனில், அவர்களில் ஒருவரேனும் குடியிருந்தால் போதுமானது.’”

இன்னொரு முறை படித்தாள். பிழை பிடிக்கிற கண்ணால், வார்த்தை வார்த்தையாக.

“ஒருத்தர் போதும்” என்றாள். “நான் குடியிருக்கேன்.”

“நீயா?”

“ஏன், எனக்கு மாடிப்படி ஏற வராதா? நீ மேடிசன் போ. கீழ் வீட்டை வாடகைக்கு விடு. மாடியில நான் இருக்கேன். பொய்யும் இல்ல, புரட்டும் இல்ல. பேனாவை எடு.”

டெல்லா போட்ட கூச்சலில் மார்லா காரிலிருந்து ஓடிவந்தாள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் காகிதங்களைப் பரப்பினார்கள். டெல்லா போட்டாள். பெர்னி போட்டாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு கைக்கு வந்த வீட்டுக் காகிதத்தில் தன் பெயரை எழுதினாள், ஒவ்வொரு சொல்லும் உண்மை என்கிற நிம்மதியோடு. டெல்லா அங்கேயே செல்பேசியை எடுத்து மேடிசனுக்கு வருகிறேன் என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் வாழ்த்தாகச் சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதத் துண்டுகள் கொட்டின.

“நாலு இருபது! கொண்டு போய் அனுப்பிடறேன்” என்று மார்லா காகிதங்களை அள்ளினாள். டெல்லா அவளோடு வாசலுக்கு ஓடினாள். “மீனும் உருளைக்கிழங்கு அடையும் இன்னிக்கு என் செலவு! ஹோட்டல்ல இடம் சொல்லி வைக்கிறேன்!” என்று படியிலிருந்து கத்தினாள்.

அடித்தளத்தில் பெர்னியும் வால்ட்டும் மட்டும்.

“நல்லா முடிஞ்சுது இல்ல?” என்றாள் பெர்னி. அவளுக்கு மூச்சு வாங்கியது. “அந்தக் கிழக்கு ஜன்னலோரம் நம்ம கட்டிலைப் போடலாம். நீ காலையில சீக்கிரம் எழுந்துக்கிறவன்.”

வால்ட் டார்ச்சைச் சட்டைப்பையில் வைத்தான். “பெர்னி, என் வேலைக் காகிதத்தை நீதானே படிச்சுச் சொன்னே?”

“ஆமா.”

“ராத்திரி அங்கதான் இருக்கணும்னு போட்டிருந்துதே.”

பெர்னி அவனைப் பார்த்தாள். நூற்றிருபது வீடு. ராத்திரி பகல். பராமரிப்பு ஆள் வளாகத்துக்குள்ளேயே தங்க வேண்டும், தவறினால் வேலை இல்லை. ஐந்தாவது பத்தி. அவள்தான் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். மகளுக்கு வழி கிடைத்த சந்தோஷத்தில் அது நினைவிலேயே இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், அவள் பிரசவத்துக்குப் போன மூன்று ராத்திரியைத் தவிர, அவர்கள் தனித்தனியாகப் படுத்ததில்லை.

“அந்த வேலை போனா இந்தக் கடனுக்கு என் சம்பளம் மட்டும்…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“ஒரு வருஷம்தானே” என்றான் வால்ட். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். எண்ணெய் அவள் விரல்களிலும் ஒட்டியது. “எட்டு நிமிஷத் தூரம். சாப்பாட்டுக்கு வந்துட்டுப் போறேன். டெல்லாகிட்ட மட்டும் சொல்லாதே. தெரிஞ்சா மேடிசன் வேண்டாம்னுடுவா. நீதான் இந்த வீட்டுக்கு ஆசைப்பட்டேன்னு, எனக்கு அங்கதான் தூக்கம் வரும்னு சொல்லிக்கலாம். அவ நம்புவா.”

நம்புவாள். அதில் சந்தேகமே இல்லை. வால்ட் வாயைத் திறக்க மாட்டான், ரொட்டியை மென்றுகொண்டு இருந்துவிடுவான், அப்பாவுக்கு அம்மாவோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று மகள் நினைத்தாலும் சிரித்துக்கொண்டிருப்பான்.

வாசலில் மார்லாவின் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

பெர்னி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டே படியேறினாள்.

“பெர்னி, வேண்டாம். சொன்னாக் கேளு.”

“டெல்லா!” என்று அவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள். “மார்லாவை நிறுத்து! நீயும் உள்ளே வா! உங்கப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”